தண்ணி கேட்டவன் பேசின பாஷை

இன்னிக்கு திருப்பதியில அந்தப் புது சரித்திரப் படத்துக்குப் போனோம், நானும் என் பொண்ணும். மூணாங்கிளாஸ், தெலுங்கு மீடியம். ராஜா வாள உருவினதும் சீட்டு மேல ஏறி நின்னு கை தட்டினா.

தெலுங்குப் படம். எதிரிப் படை மட்டும் தமிழ் பேசுது. அதுக்குக் கீழ எழுத்துகூட போடல. அவங்க என்ன சொன்னா யாருக்கென்ன?

கடைசி சண்டையில ஒரு எதிரி வீரன் வெட்டுப்பட்டு விழறான். "தண்ணி... கொஞ்சம் தண்ணி"ன்னு முனகறான். தியேட்டர் முழுக்க விசில்.

இவ கீழ இறங்கி உக்காந்துட்டா. "நைனா, அவன் தண்ணி கேக்கறான்." படம் முடியறவரைக்கும் தன்னோட தண்ணி பாட்டில மடியில வச்சிக்கினு இருந்தா.

வெளிய வந்ததும், "அவங்க நம்மாளுங்களா நைனா?"ன்னா.

"சும்மா கதைம்மா"ன்னேன்.

பஸ்ல வடமாலபேட்டை வந்துக்கினு இருக்கறப்ப, "பசிக்குதா, எதுனா துன்றியா?"ன்னு கேட்டேன். பக்கத்துல இருந்த பெரியவர ஒரு பார்வை பாத்தா. பாவம், எங்களுக்கு ஜன்னல் சீட்ட விட்டுக் குடுத்த மனுஷன். என் காதுகிட்ட வந்து, "தெலுகுலோ மாட்லாடு நைனா"ன்னா.

வீடு வந்து சேர்றவரைக்கும் அவ தமிழே பேசல.

படம் எப்படின்னு கேட்டவங்களுக்கு: யானை, குதிரை, கோட்டை எல்லாம் பிரமாதம். குழந்தைங்களக் கூட்டிக்கினு போலாமான்னு கேட்டா, வீட்ல என்ன பாஷை பேசறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க.