நாலு படி சாமைத் தவிடு

போன வாரம் ஒரு மூட்டைத் தவிட்டோடு கொல்லிமலை ஏறினேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? என் பேரனை வாங்க!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் மகள் வயிற்றுப் பேரனைத் தெரியும். சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டவன். பூனைக்குத் திருநீறு பூசியவன். ஆனால் அவன் பெயரை இதுவரை நான் எழுதியதில்லை. மாப்பிள்ளைக்குப் பிடிக்காது. இன்று சொல்லாமல் தீராது... அவன் பெயர் தவிட்டான்.

என் மகளுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக இவன் பிறந்ததும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, தவிட்டுக்கு விற்றுவிட்டோம். இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று எமனை நம்ப வைக்கத்தான். வாங்கியவள் வெள்ளையம்மா. கொல்லிமலைமேல் அரியூர் நாட்டுக்காரி. வருஷா வருஷம் மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்கி எங்கள் வீட்டில் தங்குகிறவள். முறத்தில் சாமைத் தவிட்டைக் கொட்டினாள். பிள்ளையைத் தூக்கினாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் மகள் மடியில் போட்டாள்.

"இது எம்பட புள்ளைங்க, அம்மிணி. பாலு குடுத்து வளத்துக் குடுங்க."

அதுவரை அழுதுகொண்டிருந்த என் மகள் சிரித்தாள். நான் தவிட்டை அளந்தேன். நாலு படி. அளக்காமல் எதையும் உள்ளே வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இப்போது பையனுக்கு வயது ஐந்து. ஸ்கூலில் சேர்க்க வேண்டும். மாப்பிள்ளையோ அதே ஸ்கூலில் வாத்தியார்.

"அத்தை, ரிஜிஸ்தர்ல தவிட்டான்னு எழுத எனக்குக் கை வரலீங்க. திருப்பி வாங்கிட்டு வந்துருங்க. நல்ல பேரா வெச்சுக்கலாம்."

நியாயம்தானே? வாங்கிய அளவுத் தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை நம்முடையது. அதற்குப் பிறகு பெயரை மாற்றலாம். அதுதான் முறை. ஆனால் நம்முடையது என்று ஆகிவிட்டால்...?

எங்களுடையவையாக இருந்த இரண்டும்தானே போயின? இவனோ இதுவரை ஒரு பெரிய காய்ச்சல்கூடக் கண்டதில்லை. இன்னொருத்தி பிள்ளையாக நன்றாகத்தானே இருக்கிறான்? இதை மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார். சிரித்தால்கூடப் பரவாயில்லை. அழுதுவிட்டார் என்றால்?

ஆகவே நாளைக் கடத்தினேன். சாமைத் தவிடு எங்கும் கிடைக்கவில்லை என்றேன்.

"நெல்லுத் தவிடு ஆகாதுங்களா, அத்தை? தவிட்டுல கூடவா ஜாதி?"

ஆகாது என்று சொல்லிவிட்டேன். இரண்டே நாளில் சாமைத் தவிடு வந்து இறங்கியது. வாத்தியாருக்கு எல்லா ஊரிலும் பழைய மாணவர்கள்! அவர் கண் முன்னாலேயே நாலு படி அளந்து கட்டினேன். வேறு வழி?

மகள் மட்டும் வாசலில் என் காதோரம் சொன்னாள்: "மெதுவாப் போயிட்டு வாங்கம்மா... அவசரமே இல்லீங்க."

உலகச் சண்டை வந்ததிலிருந்து பெட்ரோல் ஏது? கரியில் ஓடும் பஸ் என்னையும் பேரனையும் அடிவாரத்தில் இறக்கியபோது இரண்டு பேர் மூஞ்சியும் கறுப்பு. வெள்ளையம்மாவின் புருஷன் காத்திருந்தார். பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தவிட்டு மூட்டையையும் கேட்டார். நான் கொடுக்கவில்லை. மலைக் காய்ச்சலுக்குப் பயந்து மாப்பிள்ளை கட்டிக் கொடுத்த கொய்னா மாத்திரை என் மடியில் பத்திரமாக இருந்தது.

"அம்மாயி, கீழ பாருங்க! நம்ம பஸ்ஸு எறும்பாட்டம் போகுது!"

"பாக்க வேண்டாம் சாமி. கெட்டியாப் புடிச்சுக்க."

வழியெல்லாம் அவனுக்குச் சிரிப்பு. குரங்கைப் பார்த்துச் சிரிப்பு, சுனைத் தண்ணீரில் கால் வைத்துச் சிரிப்பு, என் காலில் அட்டை ஏறியதற்கு ஒரு பெரிய சிரிப்பு. நடுவே ஒரு தும்மல் போட்டான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சற்றுத் தூரம் போய் மறுபடியும் தொட்டேன்.

"வெய்யில்ல பாறையே சுடுதுங்க, அம்மிணி" என்றார் மலைக்காரர். "பையன் சுட மாட்டானுங்களா?"

மலை வழக்கப்படி ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றினேன். வெள்ளையம்மா ஓடி வந்தாள். பையன் தோளிலிருந்து குதித்து அவள் இடுப்பில் ஏறிக்கொண்டான்.

"மலையம்மா, அம்மாயி என்னைய வாங்க வந்திருக்காங்க!"

"அப்படியா கண்ணு? என்ன வெலைக்கு?"

"தவுட்டுக்கு!"

"அட, உப்பு வெல ஏறிப் போச்சு, சீமெண்ணெ வெல ஏறிப் போச்சு. நீ மட்டும் அதே வெலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

சாமைச் சோறு, தேன், பலாச்சுளை... எல்லாம் ஆயிற்று. வெள்ளையம்மா அன்றைய அதே முறத்தை எடுத்து வந்து போட்டாள். படியை நீட்டினாள். நான் மூட்டையைச் சரித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலாவது படிக்குத் தவிடு இறங்கவில்லை. வெள்ளையம்மா மூட்டையைத் தட்டினாள். ஒரு தூசு விழவில்லை.

"ஏனுங்க அம்மிணி, மூட்டை வாயை இப்படி இறுக்கிப் புடிச்சா தவுடு எப்படீங்க எறங்கும்?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. தளர்த்தப் பார்த்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை.

வெள்ளையம்மா என் முகத்தைப் பார்த்தாள். வாசலில் கோழியை விரட்டிக்கொண்டிருந்த பையனைப் பார்த்தாள். படியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"போதுங்க. மிச்சத்தை வார ஆடிக்குக் குடுங்க."

"ஆடிக்கு மறந்துட்டன்னா, வெள்ளையம்மா?"

"அதுக்கடுத்த ஆடி இருக்குதுங்களே."

"அதுக்கும் மறந்துட்டா?"

"மறங்க, அம்மிணி. நல்லா மறங்க. எம்பட பங்கை நான் பாத்துக்கறனுங்க."

மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஏறும்போது இருந்த கனம் அதில் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? வழி நெடுக அதே யோசனை.

வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கிட்டீங்களா, அத்தை?"

"வாங்கிட்டேனுங்க, மாப்பிள்ளை."

பையனைத் தூக்கிக்கொண்டவர் என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். வாங்கி, எடை பார்ப்பதுபோல் ஒரு முறை தூக்கிப் பார்த்தார். கணக்கு வாத்தியார்!

மூட்டையோடு உள்ளே போய், எலி எட்டாத உயரத்தில் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பையனைக் கீழே இறக்கினார்.

ஸ்கூலில் நல்ல பெயராகவே எழுதியாயிற்று. ஆனால் கணக்கைச் சரியாகச் சொல்ல வேண்டுமல்லவா? என் பேரன் இப்போது முக்கால்வாசிதான் எங்கள் பிள்ளை. மீதிக் கால் பங்கு மலைமேல் பத்திரமாக இருக்கிறது.