மாமா அனுப்பிய சத்தம்

என் அக்காவின் கணவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். நானும் அதே தொழில்தான், வேறு ஊரில். மாமாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவருடைய வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது லேசில் திறக்காது. கல்யாணமான புதிதில் அக்காவே, "பேசினா நல்லாத்தான் பேசுவாரு, ஆனா பேசணுமே" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். மெஷினோடு மட்டும் மனிதர் மணிக்கணக்கில் பேசுவார். "என்னடி உனக்கு, ஏன் இப்பிடிக் குதிக்கிற" என்று அதட்டல் வேறு.

எடுத்தவுடன் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டார். மெஷினைக் காலியாக, துணி பிழியும் ஸ்பின்னில் ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பேரிங் தேய்ந்திருந்தால் உறுமும், பெல்ட் தளர்ந்திருந்தால் கீச்சிடும், சட்டைப் பட்டன் மாட்டியிருந்தால் கிலுகிலுக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சத்தத்தைப் போனில் பதிந்து எங்கள் வாட்ஸப் குரூப்புக்கு அனுப்புவார். அதில் இருப்பவர்கள் எல்லாருமே மெக்கானிக்குகள், பல ஊர்க்காரர்கள். சத்தத்தைக் கேட்டு என்ன கோளாறு என்று சொல்வோம். வேறு பேச்சுக்கு அங்கே இடமில்லை. குரூப்பை நடத்துகிறவரை வாத்தியார் என்போம். காலை வணக்கம் போட்டவனையே தூக்கி வெளியே எறிந்த புண்ணியவான்.

அக்கா போன வருடம் இறந்துபோனாள். ரொம்ப நாள் படுத்திய நோய். மாமா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். எல்லாம் முடிந்த கையோடு பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அத்தனை வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று எனக்குக் கோபம். போன் செய்வதை விட்டுவிட்டேன். அவரும் செய்யவில்லை. அப்பா அம்மா எப்போதோ போய்விட்டார்கள், இப்போது அக்காவும் இல்லை. எனக்கென்று மிச்சமிருந்த ஒரே உறவு அவர்தான், அதுவும் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. குரூப்பில் அவர் அனுப்பும் சத்தங்களை மட்டும் கேட்பேன். வீம்புக்குப் பதில் போடமாட்டேன்.

ஒரு மத்தியானம் வழக்கம்போல ஒரு பதிவு வந்தது. பேரிங்கா, வேறு ஏதாவதா என்று கீழே கேட்டிருந்தார். நான் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். டிரம் வேகமெடுத்தது, உறுமல் தெளிவாக இருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன். மாமா அழுதுகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, மூச்சு முட்ட, அக்கா பெயரைச் சொல்லிச் சொல்லி.

யார் வீட்டுக் குளியலறையிலோ தனியாக நின்று அழுதிருக்கிறார். அந்த இரைச்சலில் தன் அழுகை பதியாது என்று நம்பி அனுப்பியும் விட்டார். வேறு யாருக்கு அனுப்பியிருந்தாலும் பதிந்ததே தெரிந்திருக்காது. இரைச்சலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டே வயிறு வளர்க்கிற ஆட்களுக்கு அனுப்பித் தொலைத்தார்.

குரூப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்பது அதிலேயே தெரிந்தது. எவனாவது வாயைக் கொடுத்து ஏதாவது கேட்டு வைத்தால் மனிதர் கூனிக்குறுகி குரூப்பை விட்டே போய்விடுவார். அப்புறம் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒன்றுமே இருக்காது.

வாத்தியார்தான் முதலில் எழுதினார். "பேரிங்தான். மாத்திடுங்க."

கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்தே இன்னொன்று வந்தது. "என் பையன் தவறினப்ப நானும் ஸ்பின்னப் போட்டுட்டுத்தான் அழுவேன். வீட்ல யாருக்கும் கேக்காது."

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. அம்மாவைப் பறிகொடுத்த ஒருவர், கடையை இழுத்து மூடிவிட்டு அதை மனைவியிடம் இன்னும் சொல்லாத ஒருவர் என்று வரிசையாக எழுதினார்கள். எல்லாரும் அதே இரைச்சலுக்குள் ஒளிந்தவர்கள்தான் போலிருக்கிறது. தைரியமாக இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. தங்கள் கதையை இரண்டு வரியில் போட்டுவிட்டு, நல்ல பேரிங் எங்கே கிடைக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். வாத்தியார் எதையும் அழிக்கவில்லை. சாயங்காலம் மாமா எழுதினார்: "கேக்காதுன்னு நெனச்சேன். கேட்டது நல்லதாப் போச்சு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கடையில் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு மெஷினை ஸ்பின்னில் ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அவருக்குப் போன் செய்தேன். "மாமா" என்றேன். அதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அந்த மெஷின நிறுத்து" என்றார். "நிறுத்திட்டு அழு. நான் கேக்குறேன்."