குழைக்க முடியாத சோறு

போன வருடம் காலபோக நெல் அறுவடை நேரம். குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து குளிசை குடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குளிசையால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியத் தொடங்கிவிட்டது. விற்றமின் போட்டால் தோல் உரியாது என்று எங்கோ கேள்விப்பட்டு, கனடாவிலிருக்கும் தங்கை ஒரு போத்தல் அனுப்பியிருந்தாள். தவறாமல் விழுங்கினேன். கை ஆறுகிற பாடாயில்லை.

ஆனாலும் டொக்டரிடம் மூச்சுவிடவில்லை. கையைக் கண்டால் குளிசையை நிறுத்திவிடுவார், நிறுத்தினால் புற்றுநோய் வருத்தம் திரும்பிவிடும் என்று பயம். சேலைத் தலைப்புக்குள் கையை ஒளித்துக்கொண்டுதான் கண்டாவளையிலிருந்து பஸ் ஏறி கிளினிக்குக்குப் போனேன்.

மத்தியானமாகியும் கூப்பிடவில்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்துக் குழம்பில் கை வைத்தேன். ஐயோ, நெருப்பு! மிளகாய் உறைப்பு கை வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. கரண்டி கொண்டுவராத என் புத்தியைத் திட்டிக்கொண்டு பார்சலைத் திரும்பச் சுற்றினேன்.

நான் குந்தியிருந்த மர வாங்கிலேயே, முல்லைத்தீவிலிருந்து கணவரைக் கூட்டிவந்த முஸ்லிம் அக்கா ஒருவர் இருந்தார். முன்பின் பழக்கமில்லை. எழும்பிப்போய்க் கை கழுவிவந்து, என் பார்சலை மடியில் வைத்துக் குழைக்கத் தொடங்கிவிட்டார்.

“வாயைத் திறவுங்கோ தங்கச்சி.”

“வேண்டாம் அக்கா, சனம் பாக்குது.”

“பாக்கட்டும். உங்கட பசி அதுகளுக்குத் தெரியுமோ?”

அம்மா போனபிறகு எனக்கு ஒருவரும் ஊட்டியதில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

“கையை டொக்டருக்குக் காட்டினனீங்களோ?” என்று கேட்டார். நான் கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் பக்கத்திலிருந்த கணவரைக் காட்டினார். “இவரும் இப்பிடித்தான் ஒளிச்சவர். புண் பழுத்துக் காய்ச்சலில கிடந்தவர். நீங்கள் சொல்லாட்டி நான் வந்து சொல்லுவன்.”

என்னைக் கூப்பிட்டபோது சொன்னபடியே கூட உள்ளே வந்து நின்றார். நான் கையைக் காட்டி, விற்றமின் கதையையும் சொன்னேன்.

“விற்றமினை நம்பிக்கொண்டு இருக்கேலாதம்மா. இது தடுக்கும் எண்டு உறுதியில்லை. முதலே சொல்லியிருக்கோணும்,” என்றார் டொக்டர். குளிசையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துத் தந்தார். வருத்தம் திரும்புமோ என்ற பயம் போகவில்லை. ஆனால் கை ஆறியது.

அடுத்த முறை நானே சமைத்து, அவர்கள் இருவருக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு போனேன். அவர்களைக் காணவில்லை. தாதியிடம் விசாரித்தேன். “அந்த ஐயா மோசம் போயிட்டாரம்மா,” என்றார். அக்காவின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அதே வாங்கில் இருந்து சோற்றைக் குழைத்தேன். கை எரியவில்லை. ஒரு வாய்கூட இறங்கவுமில்லை.

இன்றைக்கும் சாப்பிட உட்காரும்போது, கணவரைப் பறிகொடுத்த அன்று அந்த அக்காவுக்கு ஒரு வாய் ஊட்ட யாராவது பக்கத்தில் இருந்தார்களோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.