பின்பக்கம் திரும்பாத டிரைவர்

பதினோரு வருடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தென்காசி பெரியாஸ்பத்திரியில் கொண்டு இறக்கியவர் காந்திமதிநாதன். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

குற்றாலத்தில் சீசன் காலத்திலும் சுற்று ஊர்களில் வருடம் முழுக்கவும் சேவை செய்த ஒரு சங்கத்தின் ஆம்புலன்ஸ் வேனுக்கு அவர் டிரைவர். தன் இருக்கைக்குப் பின்னால் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டிருந்தார். ஏற்றுவதும் இறக்குவதும் மற்றவர்கள் பாடு. கடைவாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு ரோட்டை மட்டும் பார்ப்பார். வீரகேரளம்புதூர் பக்கம் நிலம் வைத்திருந்த சைவக் குடும்பம். அடுத்தவர் குடித்த டம்ளரைக் கழுவிக் கொடுத்தாலும் தொடமாட்டார். ஆனாலும் வாடையைத் தார்ப்பாய் தடுக்குமா? சாராயம், வாந்தி, ரத்தம், எண்ணெயோடு ஊறிய வேர்வை. பின்னால் கிடப்பது என்ன கேஸ் என்று திரும்பாமலே சொல்வார். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் துப்புவார்.

1984 ஜூலையில் சங்கம் புது விதி போட்டது. வேன் ஓட்டுகிறவர் முதலுதவிப் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். தேறாவிட்டால் வேறு வண்டி. அந்த வேறு வண்டி, அன்னதானப் பந்தலில் எச்சில் இலை அள்ளும் லாரி. நினைத்தாலே அவருக்குக் குமட்டியது. மறுபேச்சில்லாமல் பயிற்சிக்குப் போனார்.

பள்ளிக்கூட ஹாலில் பத்து நாள் வகுப்பு. நடத்தியவர் ரெபேக்காள் என்கிற நர்ஸ். கட்டுப் போடுவது, ஸ்ட்ரெச்சர் தூக்குவது எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். ஆறாம் நாள் மாட்டிக்கொண்டார். மயங்கிக் கிடப்பவன் வாயில் அடைத்திருப்பதை விரல் விட்டு வழித்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். நோயாளியாகப் படுத்தவன் முகம்மது கனி, எச்சில் இலை லாரியின் டிரைவர், அவனும் பயிற்சிக்கு வந்தவன். அவன் வாய் நிறையக் கேப்பைக் கூழ்.

"விரல்ல துணியச் சுத்தி உள்ள விடுங்க அண்ணாச்சி," என்றார் ரெபேக்காள். "வெறும் கூழுதான்."

காந்திமதிநாதன் குனிந்தார். புளித்த வாடை. அந்த உதடு, அந்த எச்சில். மூன்றாம் தடவையாக வெளியே ஓடிப்போய் வேப்பமரத்தடியில் ஓங்கரித்தார்.

கனி கூழை விழுங்கிவிட்டு எழுந்தான். "சிஸ்டர், அண்ணாச்சிக்காக மூணு மட்டம் வாயில வச்சிட்டேன். ஒரு துண்டு கருவாடு கிடைச்சா எறங்கும்."

"ஏலே, வாய மூடுலே, மூதி!" என்று மரத்தடியிலிருந்தே கத்தினார் காந்திமதிநாதன்.

"மத்ததெல்லாம் நல்லா செஞ்சிட்டிய அண்ணாச்சி. இதைச் செய்யாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார் ரெபேக்காள்.

"வண்டி ஓட்டுதவனுக்கு எதுக்கு சிஸ்டர் இந்தக் கண்றாவி?"

"பின்னால ஆளு செத்துக்கிட்டிருந்தாலும் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு இருப்பியளோ?"

பதினோரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

கடைசி நாள் பயிற்சி ஐந்தருவியில். ஞாயிற்றுக்கிழமை, சாரல், நெரிசல். மிதிக்கிற இடமெல்லாம் சீயக்காய்ச் சகதி, ஷாம்பு உறை, மாம்பழத்தோல், யாரோ கழற்றிப் போட்ட ஜட்டி. அரசாங்கம் மறுபடி சாராயக் கடைகளைத் திறந்து மூன்று வருடமாகியிருந்தது. பாதிப்பேர் குளிக்க வந்தார்களா குடிக்க வந்தார்களா என்று தெரியவில்லை. காந்திமதிநாதன் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு வேனோரம் நின்றார். ரெபேக்காள் பெண்கள் குளிக்கும் பக்கத்தில், வழுக்கி விழுந்த ஒருத்திக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான்கு பேர் ஒருத்தனைக் கைகாலைப் பிடித்து அருவிப் பக்கம் இழுத்து வந்தார்கள். போதை தலைக்கேறினால் அருவியில் தலையைக் காட்டுவது அங்கே தினமும் நடப்பதுதான். அவர்கள் வேனைத் தாண்டும்போது சாராய வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. அழுகின பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. வயக்காட்டு ஊர்களிலிருந்து வந்த எத்தனையோ கேஸில் தார்ப்பாயைத் தாண்டி வந்த வாடை. பூச்சிமருந்து.

"ஏலே, நில்லுங்கலே! அவன் மருந்து குடிச்சிருக்கான்."

"நீ என்ன டாக்டரா?" என்றான் காலைப் பிடித்திருந்தவன்.

"எனக்கு மூக்கு இருக்கு."

"ஒதுங்கு பெருசு. தண்ணி தலையில விழுந்தா எந்திரிச்சு டான்ஸ் ஆடுவான்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். காந்திமதிநாதன் அருவிக்குப் போகும் படியை மறித்து நின்றார். "இவன் நெலமையில தண்ணிக்கடியில வச்சா மூச்சு முட்டிச் சாவான். போலீசுக்கு நாலு பேரும் பதில் சொல்லுங்க."

போலீஸ் என்றதும் நான்கு பேரும் பிடியை விட்டார்கள். எண்ணெய் பூசிய உடம்பு வழுக்கிச் சகதியில் விழுந்தது. அப்போதுதான் முதல்முறையாக ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தார். உதடு நீலம். மூக்கிலும் வாயிலும் நுரை. கன்னத்துக்குள் பாதி மென்ற பரோட்டா. நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

துண்டை விரலில் சுற்றி உள்ளே விட்டார். கொழகொழவென்று கையோடு வந்தது. அவனை ஒருக்களித்துப் போட்டுவிட்டு, திரும்பி வாந்தியெடுத்தார். மறுபடி விரலை விட்டார். மறுபடி வாந்தி. அவனையும் அவன் கூட்டாளிகளையும் பரோட்டாக் கடைக்காரனையும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மூன்றாம் முறை வழித்தார். ரம்பம் அறுப்பதுபோல ஒரு மூச்சு வந்தது.

கனி ஓடிவந்தான். "வாயில வாய வச்சு ஊதணுமா அண்ணாச்சி?"

"மருந்து கேஸுக்கு ஊதப்படாதுன்னு சிஸ்டர் சொன்னது மறந்துபோச்சா? நம்மளுக்கும் ஏறிரும்லே. நான் கைய எடுத்தா திரும்ப அடச்சிக்கிடும். இந்தா சாவி, நீ ஓட்டு."

தென்காசி ரோட்டில் மேலகரம் தாண்டுவதற்குள் வேனின் பின்பக்கத்தில் இன்னும் நான்கு முறை வழித்தார். சட்டை, வேட்டி, முழங்கை எல்லாம் நுரை. ஆஸ்பத்திரிக் குழாயடியில் அரை மணிநேரம் சோப்புப் போட்டும் நாற்றம் போகவில்லை. சாயங்காலம் கூட்டாளிகள் நால்வரும் வந்தார்கள். "அவன் கையில கட்டியிருந்த வாட்ச் எங்க?" என்று கேட்டார்கள். அந்த நாளில் அவருக்கு வாந்தியைவிட அதிகமாகக் குமட்டியது அதுதான். அந்த ஆள் மூன்றாம் நாள் கண் விழித்து முதலில் ஒரு பீடி கேட்டான்.

ரெபேக்காள் கூழ் கரைக்கவில்லை. நேராகக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழோடு காந்திமதிநாதன் சங்கச் செயலாளர் லட்சுமிநாராயணனிடம் போனார்.

"பிரமாதம்! இப்படிப்பட்ட ஆளை ஸ்டியரிங்ல உக்கார வச்சு வீணாக்கலாமா? கனிக்கும் சர்டிபிகேட் இருக்கு, அவன் ஓட்டட்டும். நீங்க பின்னால நோயாளிகூட இருங்க."

"நான் பாஸாயிட்டேனே சார்."

"அதனாலதான் சொல்றேன்."

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை ஆறரைக்கு முகம்மது கனி வேனைக் கிளப்பினான். காந்திமதிநாதன் பின்கதவைத் திறந்து ஏறினார். முதல் கேஸ் சுந்தரபாண்டியபுரத்தில், பிரசவம்.