இராஜாங்கத்தின் அவசர வழி

வல்லம் தாண்டியதும் டீக்கடைக்கு எதிரே வேனை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, உள்விளக்கையும் அணைத்துவிட்டு, இராஜாங்கம் பின்பக்கம் நடந்துபோய் அவசரக் கதவைத் திறக்கிறார். முன்கதவைப் பூட்டியாயிற்று. "எல்லாரும் இந்த வழியாத்தான் எறங்கணும். பைய விட்டுட்டு எறங்குங்க" என்கிறார். கையிலிருக்கும் செல்போனில் விநாடிகள் ஓட ஆரம்பித்துவிட்டன.

நீடாமங்கலத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப் போவது அவர் தொழில். பறக்கப் போகிறவர் ஒருவர்தான் என்றாலும் வழியனுப்ப ஒரு குடும்பமே வேனில் வரும். பயிற்சி அத்தனை பேருக்கும் கட்டாயம். பாதிக் கதவுகள் மூடியிருந்தாலும், விளக்கு போய்விட்டாலும், தொண்ணூறு விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று ஆளை வைத்து நிரூபித்துக் காட்டினால்தான் பெரிய விமானத்துக்கு அனுமதி. விமானத்துக்கு உலகம் வைத்த விதியை இராஜாங்கம் தன் வேனுக்கும் வைத்திருக்கிறார். ஆரம்பத்தில் டீக்கடைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்கள். இப்போது வேனைப் பார்த்ததும் பாலை அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள்.

சென்ற வாரம் அக்கா மகனை வழியனுப்ப வந்த ஞானாம்பாள், தூக்குவாளியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார்.

"அக்கா, பைய விட்டுட்டுன்னு சொன்னனே."

"இது பை இல்லப்பா. இட்லி."

"உள்ள நெருப்பு எரியுதுன்னு வச்சுக்குங்க."

"அப்ப இட்லி கருகிடாதா?"

இராஜாங்கம் எல்லோரையும் திரும்ப ஏறச் சொன்னார். இரண்டாம் முறை தூக்குவாளி உள்ளேயே இருந்தது. இட்லியைப் பிரிந்த துக்கத்தில் ஞானாம்பாள்தான் முதலில் வெளியே வந்தார்.

வேனின் நடைவழி நெடுக, இரு ஓரத்திலும், பச்சை விளக்குச் சரம் ஒட்டியிருக்கும். கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறவரிடம் வாங்கியது. அலங்காரம் என்று நினைத்து யாராவது பாராட்டினால் அவர் முகம் சுருங்கிப்போகும். "பொகை மேல நிக்கும். மேல இருக்குற லைட்டு தெரியாது. அதான் தரையில வைக்கிறாங்க. ராத்திரி வரப்புல போகயில டார்ச்ச மூஞ்சிக்கா அடிப்பீங்க? காலுக்குத்தான?" என்பார். இதைவிடத் தெளிவாக எந்த விமான நிறுவனமும் விளக்கியதாகத் தெரியவில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்களிடம் அவர் சென்ட் பாட்டில் எதிர்பார்ப்பதில்லை. பெட்டியை ஏற்றும்போதே, "ஒங்க சீட்டுக்குக் கிட்ட எந்தக் கதவு? முன்னாடியா, பின்னாடியா?" என்று விசாரணை தொடங்கும். இதுவரை யாரும் பாஸாகவில்லை. "நாலு மணி நேரம் உக்காந்து வந்திருக்கீங்க. டாய்லெட்டு எங்கன்னு மட்டும் பாத்து வச்சிருக்கீங்க" என்று அலுத்துக்கொள்வார்.

இவ்வளவு தெரிந்தவர் நெடுநாள் வரை விமானத்தில் ஏறியதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். மரியாதை கருதி யாரும் பேசுவதில்லை. அவர் மனைவி வேம்புக்கு அந்த மரியாதை கிடையாது. "ஏறாத பிளேன்லேருந்து எறங்கச் சொல்லிக் குடுக்குறாரு" என்பார்.

போன மாசியில் அந்தக் குறையும் தீர்ந்தது. ஷார்ஜாவில் நர்ஸாக இருக்கும் மகள் கனிமொழி இருவருக்கும் டிக்கெட் அனுப்பினார். அப்பாவின் மனம் அறிந்த பெண். கூடுதலாகப் பணம் கட்டி, இறக்கை மேல் திறக்கும் அவசரக் கதவை ஒட்டிய இருக்கைகளாக வாங்கியிருந்தார். அன்றிலிருந்து இராஜாங்கத்தின் நடையே மாறிவிட்டது. கண்டவர்களையெல்லாம் நிறுத்தி, "ஒரு அவசரம்னா அந்தக் கதவ நாமதான் தொறக்கணும்" என்றார். பதினைந்து வருடமாக அடுத்தவர் கதவுக்குப் பாடம் நடத்தியவருக்கு ஒரு கதவு சொந்தமாகக் கிடைத்திருந்தது. கடைத்தெருவில் சிலர் அவருக்கு விமானத்தில் உத்தியோகமே கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். அவரும் மறுத்ததாகத் தெரியவில்லை.

அதே விமானத்தில் எனக்கும் இடம் இருந்ததால் மேற்கொண்டு நடந்ததைச் சொல்ல முடிகிறது. வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக இராஜாங்கம் ஜன்னலோரம் அமர்ந்து, கதவின் கைப்பிடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவ்வளவு அடக்கமாக இருந்திருக்க மாட்டார். பணிப்பெண் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பெண், நல்ல தமிழ். வேம்பு சீட்டைப் பிடித்துப் பிடித்து உட்கார்ந்ததை அவர் கவனித்திருந்தார்.

"அம்மாவுக்கு முட்டி வலிங்களா?"

"நடவு நட்ட முட்டிம்மா. மடக்குனா நீட்ட வராது, நீட்டுனா மடக்க வராது" என்றார் வேம்பு.

அப்படியென்றால் அவர் இங்கே உட்காரக் கூடாது, பின்னால் மாற்றித் தருகிறேன், ஐயா இருக்கலாம் என்றார் அந்தப் பெண்.

"நீங்க இருங்க. இத்தினி வருசமா இந்தக் கதவக் கட்டிக்கிட்டுத்தானே அழுதீங்க" என்றார் வேம்பு. குரலில் கேலி இல்லை.

இராஜாங்கம் கதவைப் பார்த்தார். பிறகு பணிப்பெண்ணிடம் கேட்டார்: "ஒரு அவசரம்னா நான் இங்க என்னம்மா செய்யணும்?"

"நாங்க சொன்னதும் கதவத் தொறந்து, மொதல்ல நீங்க வெளிய போயி, பக்கத்துல இருக்கவங்கள எறக்கி விடணுங்க."

"பின்னாடி போயி இவங்கள கூட்டிட்டு வரலாமா?"

"வரக் கூடாதுங்க. அவங்கள நாங்க பாத்துக்குவோம்."

இராஜாங்கம் பெல்ட்டைக் கழற்றினார். "அப்ப இது நமக்கு ஒத்து வராதும்மா" என்று எழுந்தார்.

காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞர் வந்து அந்த இடத்தில் அமர்ந்தார். இராஜாங்கம் அவர் ஹெட்போனை அகற்றச் சொல்லி, கதவின் முழு விவரத்தையும் சொல்லி, பொறுப்பை முறைப்படி ஒப்படைத்தார். பிறகு வேம்பைக் கைத்தாங்கலாகப் பின்னால் கூட்டிப்போனார். தரையில் ஓடிய ஒளிப்பட்டையைக் காட்டி, "பாத்தியா, சொன்னேன்ல" என்றார். நாற்றை மிதிக்காமல் நடப்பதுபோல அதை மிதிக்காமல் நடந்தார்.

கடைசி வரிசை. கால் நீட்ட இடமில்லை. நல்லவேளையாக நடு இருக்கை காலி. விமானம் மேலேறி பெல்ட் விளக்கு அணைந்ததும், இராஜாங்கம் குனிந்து வேம்பின் வலது காலைத் தூக்கி, நடு இருக்கையின் குறுக்காகத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"விடுங்க. நாலு பேரு பாக்குறாங்க."

தோளிலிருந்த துண்டை எடுத்து அந்தப் பாதத்தை மூடிவிட்டு, முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.