ஒரே துளை போட்ட ஆம்ப்ளிஃபையர்

இன்று திண்டுக்கல் கடையொன்றில் ஹெட்போனுக்கான கையடக்க ஆம்ப்ளிஃபையர் பார்த்தேன். தீப்பெட்டி அளவுதான். இரைச்சல் துளியும் இல்லை. குறை சொல்ல வழியில்லாததே எரிச்சலாக இருந்தது.

"ஹெட்போன் மாட்ட ஒரு துளைதான் இருக்கா?" என்றேன்.

"ஒருத்தர் கேக்க எத்தன வேணும் அப்பு?" என்றார் கடைக்காரர்.

பாலிடெக்னிக் நாட்களில் நிலக்கோட்டை பஸ்ஸில் நானும் சேவியரும் ஒரே வாக்மேனில்தான் பாட்டுக் கேட்போம். இரண்டு ஹெட்போன் மாட்டினால் சத்தம் செத்துவிடும். அதற்காகவே ஒரு சோப்பு டப்பாவுக்குள் ஆம்ப்ளிஃபையர் செய்தோம், இரண்டு துளையோடு. சந்தைக்குப் போகும் பூக்கூடைகளுக்கு நடுவே அது என் மடியில் இருக்கும். கரகரவென்றுதான் கேட்கும். இருவருமே அதை ஒத்துக்கொண்டதில்லை.

கடையில் நின்றபடியே சேவியருக்குப் போன் போட்டேன். பேசி இரண்டு வருடம் இருக்கும்.

"ஏலே, அந்த சோப்பு டப்பா இருக்கா?"

"இருக்குடா. நான் இருக்கேனான்னு கேக்க மாட்டியா? ஞாயித்துக்கிழம வாரேன், பேட்டரி வாங்கி வை."

ஒன்பது வோல்ட் பேட்டரி மட்டும் வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார்.

வாக்மேன்தான் இப்போது இல்லை. யாரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும்.