சீனி இல்லாத வீடு

2003 ஆவணி. காலை ஏழு மணிக்கு வவுனியாவில் கிளிநொச்சி பஸ் ஏறினேன். தூரம் ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீற்றர்தான். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியதில் மத்தியானமாகிவிட்டது. பையிலிருந்த வெள்ளைத் தூளைக் கண்ட சிப்பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தான். ஒரு சிட்டிகை வாயில் போட்டுக் காட்டினேன். விட்டுவிட்டான்.

அந்தத் தூள் சீனித்துளசி. அக்காவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று கேள்விப்பட்டு ரொறன்ரோவில் பதினெட்டு டொலருக்கு வாங்கியது. கூடவே சீனர் கடையில் ஒருவகைக் காய்ந்த பழமும் வாங்கினேன். அவித்த நீர் இனிக்கும். இரண்டும் இயற்கை, இரத்தத்தில் சீனியை ஏற்றாது என்றார்கள்.

கிளிநொச்சியில் வீட்டு வாசல் படலைக்கு அக்கா நொண்டி நொண்டி வந்தார். வலது காலில் சின்ன விரல் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கடிதத்தில்கூட இதை எழுதவில்லையே.

"போன மாரியில எடுத்தது. இப்ப பக்கத்து விரலிலயும் புண். இதுவும் ஆறாட்டிப் பாதத்தோட எடுக்கவேணுமெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதை விடு, தேத்தண்ணி குடிப்பம்."

குசினிக்குள் போய், ஒன்றில் சீனித்துளசியும் மற்றதில் பழம் அவித்த நீரும் விட்டு இரண்டு கிளாஸ் தேநீர் கலந்தேன். சீனித்துளசி முதலில் தித்தித்தது; பிறகு அதிமதுரம் மென்றதுபோல் நாக்கில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டது. பழத்தில் கசப்பு இல்லை, ஆனால் புகைமணம். அக்கா முதலாவதைத் துப்பினார். இரண்டாவதைக் கசாயம் என்று தள்ளிவைத்தார்.

"தூளின்ர பேர் என்ன சொன்னனி?"

"சீனித்துளசி."

"பேரிலயே சீனி கிடக்கு. எனக்கு வேண்டாம். ரண்டு வருஷமா இந்த வீட்டுக்குள்ள ஒரு மணி சீனி வரேல்லை."

அக்காவின் கட்டுப்பாட்டை நினைக்க எனக்குப் பெருமையாக இருந்தது. அவரோ பனையோலையில் பின்னிய சின்னக் குட்டானைப் பிரித்து, பதநீரைக் காய்ச்சிச் செய்த பனங்கட்டியை உடைத்து, ஒரு கடி கடித்து வெறும் தேநீரைக் குடித்தார். பிறகு இன்னொரு துண்டு.

"அக்கா, என்ன செய்யிறீங்கள்?"

"ஏன், பனங்கட்டிதானே? இயற்கையான சாமான். கலப்பில்லாததெண்டு கொத்தான் கிழமைக்கொருக்கா பளைக்குச் சைக்கிளில போய் வாங்கி வாறார். இப்பவும் அங்கதான் போயிருக்கிறார்."

கொக்கா என்றால் உன் அக்கா; அதுபோலக் கொத்தான் என்றது என் அத்தானை, அக்காவின் கணவரை. பளை அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல். நாளுக்கு எத்தனை தேநீர் என்று கேட்டேன். ஆறேழு என்றார்.

"அக்கா, இதுவும் சீனிதான். பேர்தான் வேற."

அக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தார். காலைப் பார்க்கவில்லை, படலையைத்தான் பார்த்தார்.

"அவருக்குச் சொல்லாதை. விரல் போனது தன்னாலதான் எண்டு அந்த மனுசன் உடைஞ்சுபோகும்."

மாலை ஐந்து மணிக்கு அத்தான் வியர்த்து விறுவிறுத்து வந்து இரண்டு குட்டானை மேசையில் வைத்தார். "எனக்கு உது அலுத்துப்போச்சு. தங்கச்சியின்ர தூள்தான் நல்லாயிருக்கு" என்று சொல்லி, அக்கா சீனித்துளசித் தேநீரை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்.

அன்றிரவு அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரொறன்ரோவில் பெட்டியில் 'இயற்கை' என்று போட்டிருந்தால் நாங்களும் கேள்வி கேட்பதில்லை. நான் வாங்கியதும் அப்படித்தான்.

மறுநாள் காலை அத்தான் பஸ்வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஹாண்டிலில் அந்தக் குட்டான்கள் தொங்கின.

"கொக்கா வேண்டாமெண்டிட்டா. முன்வீட்டு மனிசிக்கும் சீனி வருத்தம். அவாவுக்காவது உதவட்டும்."

இனி வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. பனங்கட்டியும் சீனிதான் என்று சொல்லிவிட்டேன். அத்தானின் முகம் வெளிறிப்போனது. பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான்.

"கொக்காவுக்கு இது தெரியுமே?"

"ஓம், அத்தான். நேற்றுத்தான் தெரியும்."

அவர் சைக்கிளை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். நான் படியில் கால்வைத்தபோது சொன்னார்.

"எனக்குத் தெரியாதெண்டே அவா நினைச்சுக்கொண்டிருக்கட்டும், பிள்ளை."